சாட்சியில் நான் வெட்டியது

என் அக்கா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் குறிப்பு நோட்டு இருந்தது. செங்கல்பட்டில் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராக எனக்கு அப்போது ஏழாவது வருடம். தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியோ ஜெபக்கூட்டமோ, ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தால் என் கை தானாக நோட்டைத் திறந்துவிடும்.

சபை மாமல்லபுரத்தில், சிற்பக்கூடங்களுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான கூடம். வார நாட்களில் உளிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் ஜெபிக்க வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பழைய மிஷன் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அங்கே எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது, என்ன பதில் சொல்வது எல்லாம் அச்சடித்த ஒழுங்கின்படி நடக்கும். கல்யாணமாகி மாமல்லபுரம் வந்த அக்கா இந்தச் சபையில் சேர்ந்துகொண்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க பாதிரி ஐயரு மட்டும்தான் பேசுவாரு. இங்க என்ன மாதிரி ஆளும் பேசலாம்டா," என்றாள்.

பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று அங்கே உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். பையனுக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, தொலைந்த ரேஷன் கார்டு அகப்பட்டது. சொல்லி முடித்ததும் கூடம் முழுக்க அல்லேலூயா என்று குரல் எழும். நன்மை எதுவும் நடக்காத வாரத்தில் யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

அக்கா கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். இருமல் வந்தபோது சோப்புத் தூள் என்று நினைத்தாள். ஆள் இளைத்து, மாலையில் காய்ச்சல் வர ஆரம்பித்ததும் அரசு சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று சொன்னார்கள். அந்த ஆண்டுகளில்தான் புதிய மருத்துவ முறை வந்திருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மாத்திரை மொத்தமாக ஒரு சிவப்புப் பெட்டியில். பெட்டி மேல் அவரவர் பெயர். ஒருநாள் விட்டு ஒருநாள் போய், நர்ஸ் பார்க்க விழுங்க வேண்டும். அக்கா ஒரு வேளை தவறாமல் போனாள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. எடை ஏறியது. மறுபடி எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது.

இத்தனையும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஓட்டலுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அக்காவின் கணவரான சுற்றுலா வேன் ஓட்டும் மாமா, அப்புறம் பாஸ்டர். பாஸ்டர் முன்பு டிவி மெக்கானிக்காக இருந்தவர். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். பயப்படாமல் அவள் குடித்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்தார். இதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் எழுதப்போவதற்காக இதை மறைக்கக் கூடாது.

அந்த ஞாயிறு அக்கா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசினாள். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "எனக்கு நெஞ்சுல சளி நோவு வந்துடிச்சி. செத்துடுவேன்னு நெனச்சேன். ஆண்டவரு சொகம் குடுத்தாரு. டெஸ்ட்டுல இப்ப ஒண்ணியும் இல்லன்னு வந்துடிச்சி. ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்ட்டுகினுதான் கீறேன், இன்னும் நாலு மாசம் கீது. எல்லாரும் ஜெபிச்சிக்கோங்க."

கூடம் அதிர்ந்தது. கீபோர்டு வாசிப்பவர் ஒரு தடவை தட்டினார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னிடம் வந்தார். சபை மாதா மாதம் நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை அச்சடித்தது.

"பிரதர், நீங்க பேப்பர்காரர். அக்காவோட சாட்சியை நீங்களே எழுதிக் கொடுங்க. நாங்க எழுதுனா லெட்டர் மாதிரி இருக்கும்," என்றார்.

அன்று மதியம் அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம். முதல் வரியில் இருமல், இரண்டாம் பத்தியில் பயம், மூன்றாம் பத்தியில் ஜெபம், நான்காம் பத்தியில் பரிசோதனை முடிவு. நன்றாக வந்தது. மாத்திரை வாக்கியத்தை எங்கே வைத்தாலும் இடறியது. பரிசோதனைக்கு முன்னால் வைத்தால் முடிவின் வேகம் போனது. பின்னால் வைத்தால் செய்தி இழுத்துக்கொண்டு நின்றது. முடிவு வந்த பிறகு ஒரு வரி கூட நிற்கக் கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். வெட்டினேன். ஒரு கோடு, அவ்வளவுதான்.

நான் பொய் எதையும் சேர்க்கவில்லை. பல வருடங்கள் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை வந்ததும் அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெயர் போடவில்லை, 'மாமல்லபுரம் சகோதரி' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் சபைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மதுராந்தகம். விடுமுறை நாட்களில் போனாள். மாமா வேனில் கொண்டுபோய் விட்டார்.

"ஒங்க அக்கா இப்ப ஸ்டாரு மச்சான். என்னிய டிரைவரா வெச்சிகினு ஊர் ஊரா சுத்துது," என்றார்.

"போய்யா, ஒனக்குப் பொறாம," என்றாள் அக்கா.

சதுரங்கப்பட்டினம் கூட்டத்துக்கு நானும் ஒருமுறை போனேன். அவள் பேச்சு மாறியிருந்தது. முதலில் இருமல், அப்புறம் பயம், அப்புறம் ஜெபம், கடைசியில் டெஸ்ட். 'ஒண்ணியும் இல்லன்னு வந்துடிச்சி' என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். கூட்டம் எழுந்தது. தன் வாழ்க்கையை அவள் என் அரைப் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்திருந்தாள். நான் பெருமைப்பட்டேன்.

அதற்கடுத்து நடந்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா மாத்திரைக்காகச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். வரிசையில் ஒரு இளம்பெண் திரும்பிப் பார்த்திருக்கிறாள். முந்தின நாள் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதவள்.

"அக்கா, நீங்க இன்னா இங்க?"

என் அக்காவுக்கு அந்த இடத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. அவள் சொன்னது: "கால் வலிம்மா. களிம்பு வாங்கலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு நர்ஸ் கூப்பிடுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். அடுத்த முறை போக நினைத்தபோது அந்தப் பெண் இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியிருக்கிறது. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. நர்ஸ் இருமுறை வீட்டுக்கு வந்து பார்த்தார். இரு முறையும் அக்கா வேலையில் இருந்தாள், அல்லது இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லச் சொன்னாள். மாத்திரைக்குப் போய்க்கொண்டிருப்பதாக மாமாவிடம் சொன்னாள். பாஸ்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அவளாக நிறுத்தினாள், அல்லது ஒரு கோடு நிறுத்தியது.

ஓட்டலில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது இருமி, வெள்ளைத் துணியில் ரத்தம் விழுந்தது. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியின் நெஞ்சக நோய் வார்டில் சேர்த்தோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, முதல் மருந்தைப் பாதியில் விட்டிருப்பதாகவும் இரண்டு நுரையீரலிலும் பரவியிருப்பதாகவும் சொன்னார். இனி ஊசியோடு சேர்ந்த எட்டு மாத மருந்து. அதற்குப் பெட்டி நீல நிறம்.

நான் கட்டிலுக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டேன். நிருபர் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஏன்க்கா நிறுத்துன? எப்ப நிறுத்துன?"

அவள் வரிசையில் நடந்ததைச் சொன்னாள். களிம்பு என்று சொன்னதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலானது.

"மாத்திர சாப்பிடுறேன்னு சொல்ல வேண்டியதுதானே? சபையில சொன்னியே!"

"சொன்னேன். நீதானே அத்த எடுத்துட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்தாய் என்பது போலச் சொன்னாள். "பேப்பர்ல எழுதுறவன், அவனுக்குத் தெரியும், அது சாட்சியில சொல்லக் கூடாததுபோல கீதுன்னு நெனச்சிகினேன்."

நான் வராந்தாவுக்குப் போனேன். அங்கே ஒருவர் தன் அம்மாவுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாஸ்டர் வந்தார். இரண்டு பஸ் மாறி, வெயிலில் வந்தார். கட்டில் அருகில் முழங்காலிட்டு ஜெபித்தார். கடைசியில் இந்த நோயைக் கடிந்துகொள்கிறேன் என்று குரலை உயர்த்தியபோது பக்கத்துக் கட்டில்காரி விழித்துக்கொண்டு முறைத்தாள். வெளியே வந்ததும் அவரிடம் பேசினேன். வெட்டிய வாக்கியத்தைச் சொன்னேன். பத்திரிகையில் ஒரு திருத்தம் போட வேண்டும், இன்னும் சிலர் இப்படி நிறுத்தியிருக்கலாம் என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடியது.

"போடலாம் பிரதர். ஆனா இப்ப போட்டா ஜனங்க விசுவாசத்துல இடறிடுவாங்களே. அக்கா எழும்பி வரட்டும். முழுச் சாட்சியாப் போட்டுடலாம்."

"எழும்பி வரலன்னா?"

"அப்படிப் பேசாதீங்க பிரதர்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முடிவு நன்றாக வரும்வரை செய்தியைப் பிடித்துவைப்பது என் தொழிலிலும் உள்ளதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். அவரும் அக்கா வணங்குகிறவர். அவளிடமே போய்க் கேட்டேன்.

"இவ்வளவு ஊர்ல போயி சாட்சி சொன்னியே, ஒன் ஆண்டவர் இப்ப எங்கக்கா?"

"இங்கதான் கீறாரு."

"இந்த வார்டுலயா?"

"வேற எங்க போவாரு? சபையில அவருக்கு இன்னா வேல? அங்கதான் எல்லாரும் சொகமா கீறாங்களே." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கேலியாப் பேசாதடா. நெசமாத்தான் சொல்றேன். வந்த மூணாம் நாளு மத்தியானம் மூச்சு இஸ்துகினு போச்சி. நர்சு அந்தக் கடைசியில கீது. கூப்பிட சத்தம் வரல. அப்ப பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்துகினு இருந்தாரு. வெளிச்சம் கிளிச்சமெல்லாம் இல்ல. கண்ணுக்கும் தெரியல. ஆளு கீறது தெரியுமில்ல, கண்ண மூடிகினு இருந்தாலும்? அந்த மாதிரி. ஒண்ணும் பேசல. ஜெபம் பண்ணுன்னு சொல்லல. ஏன் மாத்திரய நிறுத்துனன்னு கேக்கல."

"மூச்சு சரியாச்சா?"

"எங்க? நர்சு வந்து ஆக்சிஜன் வெச்சாங்க. அப்பதான் சரியாச்சி."

"அப்ப அவரு இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. இருந்தாரு."

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கு இப்படித் தோன்றும் என்று ஒரு டாக்டர் வேறொரு செய்திக்காக எனக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லாமல் விட்டது அந்த வருடத்தில் நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

ஊசிகள் போட்டார்கள். முதல் மாதம் கொஞ்சம் தேறினாள். இரண்டாம் மாதம் இறங்கிவிட்டாள். மருந்துக்குக் கிருமி அசையவில்லை என்றார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, மாமா கொண்டுவந்த பிளாஸ்க் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டேய், அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அங்க வந்துச்சி?"

"எந்தப் பொண்ணு?"

"வரிசையில நின்னுச்சே. நான் எதுக்கு வந்தன்னு அது கேட்டுச்சி. அது எதுக்கு வந்துச்சின்னு நான் கேக்கவே இல்ல."

காப்பி ஆறியது.

"அது மாத்திர வரிசதாண்டா. வேற ஒண்ணுக்கும் அந்தப் பக்கம் நிக்க மாட்டாங்க. அதுக்கும் இதே நோவு கீது. நான் களிம்புன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது இன்னா நெனச்சிருக்கும்?"

அதன்பிறகு அவள் தன் எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணைத்தான் கேட்டாள். சுகாதார நிலையத்தில் கேட்டேன். நோயாளிகளின் பெயரைச் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அக்காவுக்கு ஞாபகம் இருந்தது இரண்டு விஷயம்: விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள், கழுத்தில் சிப்பி மாலை. மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சிப்பி மாலை கோத்துக் கொடுப்பவர்கள் எந்தெந்தக் குப்பத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். எட்டு வருடத் தொழிலில் நான் தேடிப்போன ஆட்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தியவர்கள். இவள் மூன்றாவது குப்பத்தில், வாசலில் உட்கார்ந்து, இடையிடையே முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு சிப்பி கோத்துக்கொண்டிருந்தாள்.

யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"சாட்சி சொன்ன அக்காவோட தம்பியா? அக்கா எப்டி கீறாங்க?"

"மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் சிப்பிகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கி அக்கா அங்க நின்னாங்களா, அவங்களும் நம்மள மாதிரி மாத்திரைக்குத்தான் வந்தாங்கன்னு நெனச்சேன்ணா. களிம்புன்னாங்க. அவங்க ஒண்ணியும் சாப்பிடாமயே சொகமாயிட்டாங்க, நம்ம விசுவாசம்தான் கொறச்சலா கீதுன்னு..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "ரெண்டு மாசம் சாப்ட்டேன். அப்பறம் விட்டுட்டேன்."

அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன். நம்பவில்லை. நான் வேறு எதற்கோ வந்திருப்பதாக நினைத்தாள் போலிருக்கிறது. மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். அவள் மாமியார் உள்ளே இருந்து, "பேப்பர்காரன் சொல்றத நம்பாதடி, அவுனுங்க எல்லாத்தியும் மாத்தி எழுதுவானுங்க," என்றார்.

"அக்கா வாயால சொல்லட்டும்ணா. அப்ப கேக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை அவளைப் பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். வார்டு வாசலில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். அக்காவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கட்டிலைக் காட்ட வேண்டியிருந்தது. கூட்டத்தில் மைக் பிடித்து நின்றவளில் பாதிகூட அங்கே படுத்திருக்கவில்லை.

அக்கா எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. நான் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். வாய் மேலிருந்த ஆக்சிஜன் மூடியை நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று நின்று பேசினாள்.

"வாம்மா. நல்லாப் பாத்துக்கோ. எனக்கு சொகமாவல."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"அழாத. கேளு. அன்னிக்கி நானும் மாத்திரைக்குத்தான் வந்தேன். ஒன்னப் பாத்து வெக்கமாப்போச்சி. களிம்புன்னேன். பொய்."

"அப்ப ஆண்டவரு ஒங்கள உட்டுட்டாராக்கா?"

"உடல. இங்கதான் கீறாரு. நெதம் கீறாரு. அது வேற, இது வேற. ரெண்டியும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத. அவரு கூட இருப்பாரு, நீ மாத்திர சாப்பிடணும். புரியுதா?"

பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை முறைக்கவில்லை. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. தூரத்தில் டிராலி ஒன்று சத்தமிட்டுக்கொண்டு போனது.

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்.

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லக்கா? அன்னிக்கி மைக்குலயே சொல்லியிருந்தா நான் உட்டிருக்க மாட்டேனே."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன், கையில் சுருட்டிய அவள் எக்ஸ்ரே கவருடன். பேச வேண்டியவன் நான்.

"சொல்லியிருக்கணும்," என்றாள் அக்கா. "என் தப்புதாம்மா."

அவ்வளவுதான். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அக்கா அதற்குப்பின் பதினோரு நாள் இருந்தாள். அடக்கத்தன்று பாஸ்டர் நன்றாகவே பேசினார், அழவும் செய்தார். அந்த மாதப் பத்திரிகையில் 'சில காலம் சுகவீனமாயிருந்து' என்று ஒரு வரி வந்தது. திருத்தம் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. சிப்பி கோக்கும் பெண் நீலப் பெட்டியை முழுதாக முடித்தாள். அதைச் சுகாதார நிலையத்து நர்ஸே என்னிடம் சொன்னார். பெயர் சொல்லாமல், 'நீங்க தேடி வந்த ஆளு' என்று மட்டும். அக்கா சொன்னது போல ஒருவர் அந்த வார்டில் உட்கார்ந்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. இருந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. இருந்திருந்தால், அவரால் ஆன வேறு காரியங்களையும் செய்திருக்கலாமே என்ற மனக்கசப்பு இன்றும் போகவில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அன்று மதியம் திரும்பி வந்த பஸ்தான். நானும் அந்தப் பெண்ணும் எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு அவள் எழுந்து வந்து என் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பேசினாள். நாளைக் காலையே சுகாதார நிலையம் போவதாகச் சொன்னாள். அக்கா மேல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"பாவம்ணா, அவங்க இன்னா பண்ணுவாங்க. சந்தோசத்துல மறந்துட்டிருப்பாங்க."

மாமல்லபுரம் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அக்கா மறக்கவில்லை, முதல் தடவை மைக்கில் சொன்னாள், நான்தான் எடுத்துவிட்டேன் என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். நாக்கில் முதல் வார்த்தைகூட வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன்.

அவள் நிறுத்தத்தில் இறங்கும்போது படியில் நின்று திரும்பினாள். சபைக்காரர்கள் பிரியும்போது கேட்பதைத்தான் கேட்டாள்.

"அக்காவுக்காக தெனம் ஜெபிக்கறேன்ணா. ஒங்களுக்கும் ஜெபிக்கறேன். எதுக்காகன்னு சொல்லுங்க, பேர் சொல்லி ஜெபிக்கறேன்."

கண்டக்டர் விசில் ஊதத் தயாராக வாயருகில் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றேன்.